ஒரு ஊசிச் சோதனையை வைத்து முடிவு கட்டாதீங்க

"தருமபுரியில விரையில ஊசி குத்திப் பார்த்தாச்சு, விந்தணு இல்ல, இனி வழியே கிடையாது"ன்னு விந்துல விந்தணு இல்லாத ஒரு தம்பிக்கு மேலே அண்ணன் ஒருத்தர் பதில் எழுதியிருப்பது தவறு. மெல்லிய ஊசி குத்தின இடத்துச் செல்களை மட்டும்தான் உறிஞ்சி எடுக்கும். அடைப்பு இல்லாமல் உற்பத்தியே குறைந்தவர்களுக்கு விந்தணு விரைக்குள்ள திட்டுத் திட்டாத்தான் உருவாகும். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு போர்வெல் வறண்டா நிலம் மொத்தத்தையும் கைவிட்டுடுவோமா?

1999-லிருந்தே 'மைக்ரோ டீசி'ங்கிற அறுவை சிகிச்சை இருக்கு: விரையைத் திறந்து, நுண்ணோக்கி வழியா, விந்தணு உருவாகிற குழாய்கள்ல பருத்ததாத் தேடி எடுப்பாங்க. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்குது. ஆனா ஒய் குரோமோசோமில், விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஏஇசட்எஃப் ஏ, பி என்கிற மரபணுப் பகுதிகள் முழுசா இல்லைன்னா பலனிருக்காது. அதனால முதல்ல அந்த ரத்தப் பரிசோதனை. தம்பி, பழைய ரிப்போர்ட்டோட ஆண் மலட்டுத்தன்மை பார்க்கிற யூராலஜிஸ்ட்டைப் பாருங்க.