வகுப்பு எடுப்பதும் வேலைதான்

முனைவர் பட்டப் படிப்பில் இருப்பவர்கள் வகுப்பு எடுக்க வேண்டுமா? கண்டிப்பாக எடுக்க வேண்டும். பத்துப் பேர் முன்னால் நின்று ஒரு விஷயத்தை விளக்கும்போதுதான் நமக்கே அது எவ்வளவு புரிந்திருக்கிறது என்று தெரியும். நாளைக்கு விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்தால் கற்பித்த அனுபவம் உண்டா என்றுதான் கேட்பார்கள். அதனால் அந்த வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதற்கு எவ்வளவு பணம், மதிப்பெண்ணில் சிக்கல் வந்தால் யார் பொறுப்பு, இதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி மாணவர்கள் பலருக்கு அப்படி எதுவும் கிடையாது.

வெளியில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இங்கே நிறைய பேர் ஜி.ஆர்.ஏ., அதாவது பட்டதாரி ஆய்வு உதவியாளர். மாதப் பணம் நெறியாளர் வாங்கிய ஆய்வு நிதியிலிருந்து வரும். உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். (அடிப்படை ஆய்வுக்கான மானியம்) மாதிரியான நிதி இரண்டு மூன்று ஆண்டுக்குத்தான். நிதி கைக்கு வந்து, விளம்பரம் போட்டு, ஆள் தேடி, பதிவு முடிவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆக, மாணவர் மூன்றாம் ஆண்டில் ஆய்வேட்டை எழுத உட்காரும் நேரத்தில் பணம் நின்றுவிடுகிறது. செமஸ்டர் கட்டணம் மட்டும் நிற்பதில்லை. இந்த மூன்று வருடத்துக்குள் பல இடங்களில் ஸ்கோபஸ் கட்டுரையும், அதாவது ஸ்கோபஸ் என்ற பட்டியலில் உள்ள ஆய்விதழில் ஒரு கட்டுரையும், போட்டாக வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில்தான் "இந்த செமஸ்டர் லேப் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லப்படுகிறது.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? முதலாம் ஆண்டு வேதியியல் லேப்பில் டைட்ரேஷன் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக இன்னொன்றில் விட்டு, நிறம் மாறுவதை வைத்து அளவு கண்டுபிடிக்கிற சோதனை அது. ப்யூரெட்டை, அதாவது அடியில் திறந்து மூடும் குழாய் வைத்த நீளமான அளவுக் கண்ணாடியை, கையில் தொட்டே பார்க்காத பிள்ளைகள் நிறைய பேர் வருவார்கள். லேசான ரோஜா நிறம் வந்து நின்றதுமே குழாயை மூட வேண்டும். பழக்கம் இல்லாத கை தடுமாறும், இன்னும் நாலு சொட்டு விழும், ஃபிளாஸ்க் முழுக்க அடர்நிறமாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். எனக்கு அது பிடித்த வேலை. ஒரு பிள்ளை சரியான சொட்டில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது வருகிற சந்தோஷம் தனி. அட்டவணையில் அதற்கு மூன்று மணி நேரம்தான். முந்தின நாள் நாமே ஒருமுறை செய்து பார்ப்பதும், அப்புறம் வீட்டுக்குத் தூக்கிவந்து ரிப்போர்ட் திருத்துவதும் யார் கணக்கிலும் வராது.

அந்த ரிப்போர்ட்டுகளுக்கு மதிப்பெண் திட்டம் எதுவும் எங்களுக்குத் தரவில்லை. கணக்கில் பிழை என்றால் நான் மூன்று மதிப்பெண் குறைத்தேன், பக்கத்துக் குழுவைப் பார்த்த தோழி ஒன்று குறைத்தாள். என் குழுவில் ஒரு பெண் இரண்டு ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, ரெண்டு பேரும் ஒரே தப்புதான் செஞ்சிருக்கோம். அவளுக்கு ஒன்பது, எனக்கு ஏழு. ஏன்க்கா?" அவள் கேட்டதில் முழு நியாயம் இருந்தது. ஆராய்ச்சி மாணவரைப் பயிற்சி இல்லாமல் வகுப்புக்குள் அனுப்பினால் கடைசியில் அடி வாங்குவது கீழே படிக்கிற பிள்ளைகள். அவர்கள் பி.டி.பி.டி.என். என்கிற அரசு உயர்கல்விக் கடன் எடுத்துக் கட்டணம் கட்டியவர்கள்.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டில் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடு சேமநிதி கட்ட வேண்டும். எனக்கும் தோழிகளுக்கும் வந்த கடிதங்களில் சேமநிதியும் இல்லை, சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பும் இல்லை. முப்பது வயதை நெருங்குகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து படிக்கிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். மாணவர் விசாவில் இருப்பவர்கள் செமஸ்டர் நடக்கும்போது வெளியே பகுதிநேர வேலைக்குப் போக முடியாது. அவர்களுக்கு இருப்பது ஜி.ஆர்.ஏ. பணம் மட்டும்தான், அதைக் கொடுப்பவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வார்கள்?

எல்லாப் பழியையும் நெறியாளர்கள் தலையில் போடுவதும் சரியில்லை. அவர்களுக்கும் வகுப்புச் சுமை, கேபிஐ என்கிற வேலை இலக்குகள் எல்லாம் இருக்கிறது. இது பல்கலைக்கழகங்கள் சரிசெய்ய வேண்டியது. அமெரிக்காவில் தனியார் பல்கலைக்கழகங்களில் வகுப்பு எடுக்கும் பட்ட மேற்படிப்பு மாணவர்களும் ஊழியர்கள்தான் என்று 2016-இல் கொலம்பியா வழக்கில் தொழிலாளர் உறவு வாரியம் தீர்ப்புச் சொன்னது. 2022 கடைசியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்து சம்பளத்தை உயர்த்திக்கொண்டார்கள். இங்கே சட்டமும் சூழலும் வேறு என்பது தெரியும். மணிக்கணக்கை எழுதித் தருவதற்கு வேலைநிறுத்தம் எதற்கு?

அடுத்த செமஸ்டர் சேரப்போகிற தம்பி தங்கைகள் கையெழுத்துப் போடும் முன்னால் கேளுங்கள்: நிதி எந்த மாதம் முடிகிறது, அதற்குப் பிறகு என்ன ஏற்பாடு, லேப்போ டியூட்டோரியலோ கொடுத்தால் வாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை மணி நேரம், திருத்தும் நேரம் அதில் சேர்ந்ததா, அந்த நேரத்துக்குப் பணம் கேட்டு கிளெய்ம் போடலாமா. வாட்ஸ்அப்பில் வாய்வார்த்தையாக வாங்காமல் மின்னஞ்சலில் வாங்குங்கள். எப்படி எழுதுவது என்று தயக்கமாக இருந்தால் இன்பாக்சுக்கு வாருங்கள், நான் எழுதிய மலாய்க் கடிதத்தை அனுப்புகிறேன், பெயரை மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.