மருந்து எடுக்கும் நேரத்தில் கூப்பிடாதீர்கள்

போன வாரம் எங்கள் வார்டில் புதிதாக நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த பெண்ணிடம், இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். "ஒரே நேரத்துல ரெண்டு மூணு வேலை பார்க்க முடியுமான்னு கேட்டாங்கக்கா, முடியும்னு சொல்லிட்டேன்" என்றாள். 14 வருஷத்துக்கு முன்னால் என்னிடமும் இதையே கேட்டார்கள், நானும் இதையேதான் சொன்னேன். அந்தப் பதில் தப்பு. ஏன் தப்பு என்று அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் வேலை பார்த்த காலம். சாயங்காலம் ஏழரை மணி, சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போடுகிற நேரம். நம் ஊரில் இன்சுலின் குப்பி இரண்டு அளவில் கிடைக்கிறது. ஒன்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், இன்னொன்றில் 100 யூனிட். 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். எங்கள் வார்டில் எப்போதும் 40தான். அன்றைக்கு ஒரு பெரியவர் தன் மருந்தை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார். அது 100. கேஸ் ஷீட்டில் 20 யூனிட் என்று எழுதியிருந்தது. குப்பியைக் கையில் எடுத்தேன், 100 என்று படித்தேன், ஆரஞ்சு மூடி வேண்டும் என்றும் நினைத்தேன்.

அதற்குள் போன் அடித்தது. எத்தனை பெட் காலி என்று கீழேயிருந்து கேட்டார்கள். சொல்லி முடிப்பதற்குள் ஒரு அம்மா வந்து, "சிஸ்டர், எங்க வீட்டுக்காரருக்கு ட்ரிப் முடியப் போகுது" என்றார். "இதோ வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு ட்ரேயின் பக்கம் திரும்பினேன். கை தானாகச் சிவப்பு மூடியை எடுத்தது. 20 கோடு வரை மருந்தை இழுத்தேன். குமிழ் இருக்கிறதா என்று தட்டிக்கூடப் பார்த்தேன்.

அந்த சிரிஞ்சில் 20 கோடு என்றால் அரை மில்லி. 100 குப்பியிலிருந்து அரை மில்லி என்றால் 50 யூனிட். பெரியவருக்கு எழுதிய அளவைப் போல இரண்டரை மடங்கு. இன்சுலின் என்றால் இன்னொருவர் பார்த்த பிறகுதான் போட வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருந்தது. சீனியர் அக்கா குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது என்ன மூடிம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான். எனக்குக் கால் நடுங்கிவிட்டது. ராத்திரி தூக்கத்திலேயே அவருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் தெரியாமல் செய்யவில்லை, சரியானதை நினைத்தும் விட்டேன். நடுவில் இரண்டு பேருக்குப் பதில் சொன்னதில் அந்த நினைப்பு கழன்று போய்விட்டது. திரும்பி வந்தபோது விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம் என்றுதான் தோன்றியது.

இது எனக்கு மட்டும் நடந்தது இல்லை. கூட்டலையும் கழித்தலையும் மாற்றி மாற்றிப் போட்டால், தனித்தனியாகப் போடுவதைவிட அதிக நேரம் பிடிக்கிறது என்று உளவியலாளர் ஆர்தர் ஜெர்சில்ட் 1927லேயே சோதித்துக் காட்டிவிட்டார். எங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது, 2010ல் ஆய்வாளர் ஜொஹானா வெஸ்ட்புரூக் குழு வெளியிட்ட ஆய்வு. சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் மருந்து கொடுப்பதைக் கூடவே நின்று கவனித்தார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தவறுகள் சுமார் 12 சதவீதம் கூடின. அனுபவம் இருக்கிறவர்களுக்கு மருந்திலோ அளவிலோ தவறு வராது என்றும் அந்த ஆய்வில் தெரியவில்லை. "பழகினா சரியாயிடும்" என்று புதுப் பிள்ளைகளிடம் சொல்கிறோமே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

வீட்டில் குக்கர் ஒரு பக்கம், சட்னி ஒரு பக்கம் என்று செய்யவில்லையா, பெண்களுக்கு இது இயல்பாக வருமே என்பார்கள். குக்கர் தானாக வேகிறது, விசில் வந்து கூப்பிடுகிறது. வார்டிலும் மருந்தை ஆவியாக மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசர் ஓடுகிற பத்து நிமிஷத்தில் பக்கத்துப் படுக்கைக்கு விரிப்பு மாற்றுகிறேன். அதில் ஆபத்தில்லை. இரண்டு வேலையும் ஒரே மூளையைக் கேட்கிறபோதுதான் சிக்கல், அதில் ஆண் என்ன, பெண் என்ன?

ஒரே நேரத்தில் பலர் கேட்பதற்கும் பதில் சொல்லும் அவதானக் கலையைச் சொல்பவர்களும் உண்டு. தமிழ்ப் புலவர் செய்குத்தம்பி பாவலர் 1907ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம், அதாவது ஒரே சமயத்தில் நூறு விஷயங்களைக் கவனிப்பது, செய்தவர். நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. ஆனால் அவதானக் கலை வருஷக்கணக்கான பயிற்சியில் வருவது. கேட்பவர்கள் முறை வைத்துக் கேட்கிறார்கள், சபை முழுக்க அந்த ஒருவரைக் கவனித்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் நர்ஸிங் ஸ்டேஷனில் யார் முறை வைத்துக் கேட்கிறார்கள்?

விமானத் துறை இதை விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1974 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் சார்லட் நகரத்தில் மூடுபனியில் இறங்கிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 70 பேருக்கு மேல் இறந்தார்கள். இறங்கும் நேரத்தில் விமானிகள் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டிருந்தது விமானி அறையின் ஒலிப்பதிவில் இருந்தது. 1981ல் அங்கே விதி வந்தது: பொதுவாக 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது, பறப்பதற்குத் தேவையில்லாத பேச்சோ வேலையோ விமானி அறையில் கூடாது. விமானிக்குத் திறமை போதாது என்று யாரும் நினைக்கவில்லை. அவரைச் சுற்றி அமைதி வேண்டும் என்று நினைத்தார்கள்.

சில நாடுகளில் மருந்து கொடுக்கும்போது செவிலியர்கள் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று எழுதிய சிவப்பு மேலங்கி போட்டுக்கொள்கிறார்கள். மேலங்கி மட்டும் போதாது என்பது என் அபிப்பிராயம். அடிக்கிற போனை எடுக்க இன்னொரு ஆள் வேண்டும். ஆளைக் குறைத்துவிட்டு, இருக்கிறவரிடம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்லி, தவறு வந்ததும் அவருக்கு மட்டும் மெமோ கொடுப்பது அநியாயம்.

இப்போது எங்கள் வார்டில் ஏழரையிலிருந்து எட்டு வரை ஒருவர் மருந்து எடுப்பார், இன்னொருவர் போனையும் பெல்லையும் பார்ப்பார். நடுவில் எழுந்து போக நேர்ந்தால், இழுத்த சிரிஞ்சைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மருந்து வீணாகிறதே என்று முதலில் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

நோயாளிக்குத் துணையாக வந்து தங்குபவர்களுக்கு ஒன்று. சிஸ்டர் மருந்து ட்ரே முன்னால் நின்றால் பெல்லை அழுத்துங்கள், வேறொருவர் வருவார். ட்ரிப் தீர்ந்தது, விரிப்பு மாற்ற வேண்டும், டாக்டர் எப்போது வருவார், எல்லாவற்றையும் அப்படி வருபவரிடமே சொல்லலாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வலிப்பு, பேச்சு மூச்சில்லாமல் கிடப்பது, ரத்தம் நிற்காமல் வருவது என்றால் மட்டும் யோசிக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள். கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வருவோம்.