போட்ராப் டெட்ரேடரும் எங்கள் ஊர் சயனைடு மேடும்

ஜெர்மனியின் பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதியான ரூருக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ரயிலில் போகும்போதெல்லாம் தூரத்தில் ஒரு மேட்டின் உச்சியில் இரும்புக் குழாய்களால் ஆன பிரமிடு தெரியும். போன ஞாயிற்றுக்கிழமைதான் ஏறிப் பார்த்தேன். அன்றிலிருந்து மனசில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஊர் பெயர் போட்ராப். அந்த மேடு இயற்கையான குன்று இல்லை. நிலக்கரியோடு சேர்ந்து மேலே வந்த கல்லையும் மண்ணையும் பல வருடம் கொட்டிக் கொட்டி எழுந்தது. சரிவெல்லாம் மரம் வளர்த்துவிட்டு, உச்சியை மட்டும் கறுப்புக் கல் சில்லுகளோடு மொட்டையாகவே விட்டிருக்கிறார்கள். அதன் நடுவில்தான் டெட்ரேடர் என்கிற அந்த இரும்புப் பிரமிடு நிற்கிறது. வோல்ஃப்காங் கிறிஸ்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 1995இல் திறந்தார்கள். பக்கத்துக்கு 60 மீட்டர் நீளம், 200 டன்னுக்கு மேல் இரும்பு. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிற சிலை இல்லை இது, உள்ளே ஏறிப் போகலாம். 18, 32, 38 மீட்டர் உயரத்தில் மூன்று மேடைகள் இரும்பு வடங்களில் தொங்குகின்றன. படியெல்லாம் சல்லடை மாதிரி, காலுக்கு அடியில் தரை தெரிகிறது. காற்றடித்தால் லேசாக ஆடுகிறது, உச்சி மேடை சாய்வாக வேறு இருக்கிறது. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம்.

மேலே ஒரு பெரியவர் பேரனுக்குக் கை நீட்டி ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் சுரங்கத்தில் இருந்தவரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் 1950களில் இந்தப் பகுதிச் சுரங்கங்களில் 4 லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள், இங்கே பல குடும்பங்களில் அப்படி ஒருவராவது இருந்திருப்பார்.

என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர், இந்த இரும்புக்குப் போட்ட காசில் நாலு பேருக்கு வேலை கொடுத்திருக்கலாம் என்றார். பக்கத்து ஊர் கெல்சென்கிர்ஷனில் வேலையில்லாதவர்கள் எவ்வளவு பேர் என்று பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வெறும் இரும்பை நிறுத்திவிட்டுப் போயிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ரூரின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் புரோஸ்பர் ஹானியல், இதே போட்ராப்பில்தான் இருந்தது. 2018 டிசம்பர் 21 அன்று மூடினார்கள். மூடப்போகிற வருடத்தை 2007லேயே முடிவு செய்து, ஆட்களை முன்கூட்டியே ஓய்வூதியத்திலும் வேறு வேலைகளிலும் சேர்த்து, அதற்கப்புறம்தான் மூடினார்கள். இன்னொன்று, சுரங்கம் தோண்டி நிலம் பல இடங்களில் பல மீட்டர் இறங்கிப்போய்விட்டது, பம்ப் ஓடாவிட்டால் ஊர்கள் ஏரியாகிவிடும். அதனால் காலத்துக்கும் தண்ணீர் இறைப்பதற்கென்றே தனியாக ஒரு அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். இவ்வளவையும் செய்கிற ஊர் மேட்டின் மேல் ஒரு பிரமிடு வைத்தால் அதை வீண்செலவு என்று எப்படிச் சொல்வது?

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். தாத்தாவும் அப்பாவும் ஷாஃப்ட்டில், அதாவது சுரங்கக் குழியில், இறங்கியவர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் நூறு வருடத்துக்கு மேல் அங்கே பாறையை உடைத்தார்கள், 3 கிலோமீட்டர் ஆழம் வரை போனார்கள். 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். தங்கம் போனது போக எங்களுக்கு மிஞ்சியது சயனைடு மேடுகள்தான், சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண். காற்றுக்காலத்தில் அந்தப் புழுதி சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும், அம்மா ஜன்னலில் ஈரத்துணி கட்டிவைப்பார். அந்த மேடுகளின் மேல் சினிமாக்காரர்கள் ஷூட்டிங் நடத்தினார்கள். அந்த மண்ணைத் தோண்டிய மனுஷன் ஏறி நின்று தன் ஊரைப் பார்க்க ஒரு படி வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முதலில் அந்த விஷ மண்ணை மூடி மரம் வைக்கட்டும், அப்புறம் படி வைக்கட்டும். இதைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

உச்சி மேடையிலிருந்தே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, சுற்றிச் சுற்றிக் காட்டினேன். பிரமிடைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அங்க பம்ப் இன்னும் ஓடுதாம்மா?" என்றுதான் கேட்டார். ஓடுகிறது, நிறுத்தவே மாட்டார்களாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம ஷாஃப்ட்ல எல்லாம் தண்ணி ஏறிடுச்சு" என்றார்.