'பெர்சபோலிஸ்': நல்ல பிள்ளை வேஷம் கட்டாத மர்ஜி

புரட்சிக்கு நடுவில் வளர்ந்த பிள்ளையின் கதை என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். பிள்ளை பாவம், பெரியவர்கள் பொல்லாதவர்கள், படிக்கிற நாம் நாலு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். ஈரானில் வளர்ந்த மர்ஜானே சத்ரபி தன் கதையைத் தானே எழுதி வரைந்த 'பெர்சபோலிஸ்' என்ற சித்திரக்கதைப் புத்தகம் அந்த வசதியைத் தரவில்லை. எனக்கு அது பிடித்ததே அதனால்தான்.

1979இல் ஈரானை விட்டு மன்னர் ஷா ஓடிப்போகிறார். டெஹ்ரானில் இருக்கும் மர்ஜிக்கு, அதாவது சிறுமி சத்ரபிக்கு, அப்போது ஒன்பது, பத்து வயது. ஒரு பையனின் அப்பா ஷாவின் ரகசியப் போலீஸான சாவாக்கில் இருந்தவர் என்று தெரிந்ததும், விரலிடுக்கில் ஆணிகளைச் செருகிக்கொண்டு அவனை அடிக்கக் கிளம்புகிறது பிள்ளைகள் கூட்டம். மர்ஜியும் அதில் உண்டு. உன் காதைச் சுவரில் வைத்து ஆணியடித்தால் எப்படி இருக்கும் என்று அம்மா கேட்ட பிறகுதான் அடங்குகிறாள். தோழியின் அப்பா சிறையிலிருந்து வந்த வீரர். நம் வீட்டில் அப்படி யாருமே இல்லையே என்று இவளுக்குப் பொறாமை வேறு! அப்புறம் அப்பாவின் சகோதரர் அனூஷ் வருகிறார். ஒன்பது வருடம் உள்ளே இருந்தவர் என்றதும் மர்ஜிக்குத் தலைகால் புரியவில்லை. அதே அனூஷை, புரட்சிக்குப் பிறகு வந்த இஸ்லாமிய ஆட்சி பிடித்துக் கொன்றுவிடுகிறது.

படங்கள் வெறும் கறுப்பு வெள்ளை. சாம்பல் நிறம் இல்லாததால் எல்லாம் நல்லது, கெட்டது என்று தட்டையாகிவிடுகிறது என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் பக்கத்திலேயே முக்காடு போட்ட மாணவிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கதை சொல்பவளோ ஓரத்தில் உட்கார்ந்ததால் அந்த வகுப்புப் படத்துக்குள் வரவே இல்லை. இந்தக் குறும்பு நிறத்தில் வராது, கோட்டில்தான் வரும்.

ஆனால் புத்தகத்தின் உச்சம் பின்பாதியில் இருக்கிறது. வியன்னாவுக்குப் படிக்கப் போய்த் திரும்பிவிட்ட மர்ஜி, உதட்டுச் சாயத்தோடு தெருவில் நிற்கும்போது, பெண்களின் உடையையும் ஒப்பனையையும் கண்காணிக்கும் புரட்சிக் காவலர்கள் வருகிறார்கள். தப்பிப்பதற்காக, சும்மா உட்கார்ந்திருந்த ஒரு ஆளைக் காட்டி, என்னிடம் அசிங்கமாகப் பேசினான் என்கிறாள். அவனை இழுத்துப் போய்விடுகிறார்கள். இதைச் சிரித்துக்கொண்டே பாட்டியிடம் சொல்கிறாள். பாட்டி கொதித்துப்போகிறார். உன் தாத்தாவும் அனூஷும் யாருக்காகச் சிறைக்குப் போனார்கள் என்று கேட்டுவிட்டுப் பேச்சையே நிறுத்திவிடுகிறார்.

சுயசரிதை எழுதுகிறவர்கள் சுலபமாக மறைத்துவிடக்கூடிய பக்கம் இது. சத்ரபி மறைக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

முதல் பாதியோடு நிறுத்திவிட்டு, அருமையான குழந்தைப் பருவக் கதை என்று சொல்லும் நண்பர்களே, மிச்சத்தையும் படித்துவிடுங்கள். நடுவில் வியன்னா பகுதி கொஞ்சம் இழுவைதான். பொறுத்துக்கொள்ளலாம்.