கோல்கொண்டேயின் வடக்குத் தாழ்வாரம்

புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியாக இருக்கும் கோல்கொண்டே கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் லூவர் பலகைகளோடு, அதாவது திருப்பித் திறந்து மூடக்கூடிய கிடைப்பலகை அடுக்குகளோடு, நின்றுவிடுகிறார்கள். படத்தில் எடுப்பாக விழுவது அதுதான். கடலூரிலும் புதுச்சேரியிலும் புதிதாக எழும் வீடுகளின் எலிவேஷனில் (முகப்பில்) அதே கிடைக்கோடுகளை அலுமினியத்தில் செய்து பொருத்துவதையும் இப்போது நிறையப் பார்க்கிறேன். ஆனால் அந்த லூவர்களுக்கு வேலை கொடுப்பது, கட்டடத்தின் வடக்குப் பக்கம் நெடுக ஓடும் தாழ்வாரம் என்பது என் உறுதியான கருத்து.

ஹைதராபாத் நிஜாமின் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரியின் மூலம் வந்த நன்கொடையில் எழுந்ததால், ஹைதராபாத்தை ஒட்டிய கோல்கொண்டாவின் பெயர் கட்டடத்துக்கு வந்தது. வடிவமைத்தவர் செக் நாட்டில் பிறந்து, அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் பணியாற்றி, டோக்கியோவில் அலுவலகம் நடத்திய ஆன்டனின் ரேமண்ட். 1937இல் வேலை தொடங்கியபோது களத்தில் நின்றவர்கள் அவருடைய அலுவலகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிரான்டிஷெக் சாமரும். கான்கிரீட் கட்டடங்களுக்குப் பேர்போன சண்டிகர் நகரம் எழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஆசிரமவாசிகளின் உழைப்போடு, இப்படியொரு கான்கிரீட் கட்டடம் நம் ஊரில் உருவாகியிருக்கிறது.

கட்டடத்தின் நீண்ட முகங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. கிழக்கிலும் மேற்கிலும் இருப்பவை குறுகிய பக்கங்கள். புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஜூன் மாத நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து சுமார் 11 பாகைதான் வடக்கே சாய்கிறது. டிசம்பரில் தெற்கே 35 பாகை வரை இறங்குகிறது. ஆகவே தெற்குச் சுவரையும் வடக்குச் சுவரையும் நிழலால் காப்பது எளிது. மேற்கு அப்படியல்ல, மாலை நான்கு மணி வெயில் தாழ்ந்து நேராக உள்ளே வருகிறது. நம் வீடுகளில் நான்கு பக்கமும் ஒரே அளவாக இரண்டடி சன்ஷேடு போட்டுவிட்டு, மேற்குப் படுக்கையறை ஏன் இரவு பத்து மணிக்கும் அனலாகக் கிடக்கிறது என்று கேட்கிறோம்.

கோல்கொண்டேயில் அறைகள் தெற்கு வரிசையில் இருக்கின்றன. அவற்றுக்கு வடக்கே தாழ்வாரம். இரு வெளிப்புறங்களிலும் சுவர் நிற்க வேண்டிய இடத்தில், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமென்டில் செய்த லூவர் பலகைகள் தரையிலிருந்து மேல்தளம் வரை அடுக்கியிருக்கின்றன. பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினால் ஒரு தொகுதி முழுவதும் சேர்ந்து திரும்பும். அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே இருப்பது இழுத்து நகர்த்தும் தேக்குக் கதவு. அதன் சட்டங்கள் காற்று புகும்படியும் பார்வை புகாதபடியும் இடைவெளிவிட்டு ஒன்றுக்கொன்று தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதால், கதவைச் சாத்திய பிறகும் குறுக்குக் காற்று நிற்பதில்லை. வடிவமைப்பின் உயிர் இந்தக் கதவில்தான் இருக்கிறது. நடுவில் ஒரு நடையும் இருபுறமும் அறைகளுமாக இதைக் கட்டியிருந்தால், எத்தனை லூவர் வைத்தாலும் ஒவ்வோர் அறையும் ஒரு பக்கம் மட்டும் திறந்த பெட்டியாகியிருக்கும்.

வடகிழக்குப் பருவமழையின் சாரலை முதலில் ஏற்பதும் அந்தத் தாழ்வாரம்தான். ஈரம் பட்டாலும் தரை மெருகேற்றிய கடப்பைக்கல், துடைத்தால் போதும். சன்னல்களில் கண்ணாடி இல்லை. 2011 டிசம்பரில் தானே புயலைக் கண்ட கடலூர்க்காரர்களுக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. கூரையிலும் இதே சிந்தனையைக் காணலாம்: கான்கிரீட் தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளிவிட்டு அடுக்கியிருப்பதால், வெயிலை மேல் அடுக்கு வாங்கிக்கொள்கிறது, நடுவில் காற்று ஓடுகிறது.

இதை அப்படியே குடும்ப வீட்டுக்குக் கொண்டுவர முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். காற்று போகும் வழியில் ஒலியும் போகும். அமைதியைப் பழக்கமாகக் கொண்டவர்கள் தங்கும் விடுதிக்கு அது பொருந்தும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் தொலைக்காட்சி பார்க்கும் பாட்டியும் இருக்கும் வீட்டுக்குப் பொருந்தாது. கல்நாரும் இன்று வேண்டாம். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். ஏசி போடும் அறைக்கு இந்தக் கதவு உதவவே உதவாது.

ஆனால் அறைகளை ஒரே வரிசையில் வைத்து வடக்கே நான்கடித் தாழ்வாரம் விடுவதற்கும், மேற்குச் சுவரை ஒட்டிக் குளியலறையையும் மாடிப்படியையும் தள்ளுவதற்கும், அறைக்கதவின் மேல் ஒன்றரை அடிக்கு மரச்சட்ட வென்டிலேட்டர் வைப்பதற்கும் மனையில் ஓரளவு அகலம் இருந்தால் போதும். வாஸ்துவுக்காக வரைபடத்தை மூன்று முறை மாற்றச் சொல்லும் நாம், வெயிலுக்காக ஒரு முறையாவது மாற்றச் சொல்லலாம். எலிவேஷனுக்கு முப்பரிமாணப் படம் கேட்பதற்கு முன், கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படத்தை இன்ஜினியரிடம் கேட்டு வாங்குங்கள். எந்தச் சன்னலில் நுழையும் காற்று எந்த வழியே வெளியேறுகிறது என்று அதில் அம்புக்குறி போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.