பந்தைக் கொடுத்த கரடியும் கொடுக்காத என் மகளும்

கரடிக்குட்டிக்கு ஒரு சிவப்புப் பந்து கிடைக்கிறது. முயல் வந்து கேட்கிறது, தர மாட்டேன் என்கிறது கரடி. அணில் கேட்கிறது, அதற்கும் இல்லை. யானைக்குட்டி கேட்டுப் பார்த்துவிட்டுத் தும்பிக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறது. கரடி தனியாகப் பந்தை உருட்டுகிறது, சலித்துப்போகிறது, உடனே வானமும் கருத்துவிடுகிறது. அப்புறம் ஆந்தைத் தாத்தா எங்கிருந்தோ பறந்து வந்து இரண்டு வாக்கியம் சொல்கிறார். கரடிக்கு ஞானம் பிறக்கிறது. ஓடிப்போய்ப் பந்தை நீட்டுகிறது, எல்லோரும் கையைக் கோத்துக்கொண்டு பாடுகிறார்கள். ஆச்சு, பத்துப் பதினோரு நிமிடத்தில் பாடம் முடிந்தது.

எந்தக் கார்ட்டூன் என்று பெயர் போடவில்லை. போட்டும் பிரயோஜனமில்லை, நான் பார்த்த எல்லாக் கார்ட்டூனிலும் இந்த எபிசோடு ஒன்று இருக்கிறது. கரடிக்குப் பதில் ரயில் எஞ்சின் வரும், பந்துக்குப் பதில் கேக் வரும், ஆந்தைக்குப் பதில் ஒரு டீச்சர் வருவார். கதை மட்டும் அசையாது.

சரி, பிள்ளைகளுக்கு ஏதோ நல்லது சொல்கிறார்கள், அதற்கு ஏன் இந்தக் கோபம் என்று கேட்பீர்கள். கடலூரில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். புதுச்சேரியிலிருந்து அக்கா வருவாள், கூடவே ஆறு வயது முடியாத அவள் மகன். என் மகளுக்கு நாலு வயது. இருவரும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்து இந்த எபிசோடைக் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். பாட்டு முடியும். அவன் இறங்கி நேராக அவளுடைய சொப்புச் சாமான் பெட்டியிடம் போய், "ஷேர் பண்ணு. பண்ணலைன்னா நீ பேட் கேர்ள்" என்பான். அவள் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நீ ஃபர்ஸ்ட் உன் காரை ஷேர் பண்ணுண்ணா, நீதான் பேட் பாய்" என்பாள். அப்புறம் அழுகை, முடியைப் பிடித்து இழுத்தல், "சித்தி, இவ கடிச்சிட்டா!"

பாடம் ஏறவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே பாடம்தான் ஏறியிருக்கிறது: மற்றவர் தன்னுடையதைக் கொடுக்க வேண்டும், கொடுக்காதவர் கெட்டவர். கதையில் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? தப்பு செய்கிற ஒரே ஆள் பந்து வைத்திருக்கிறவன். கேட்கிறவர்கள் எல்லோரும் உத்தமர்கள். முயல் வந்த வேகத்தில் கையை நீட்டுகிறது. கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை உண்டா? கரடிக்கு அந்தப் பந்து கிடைத்து அரை நாள்கூட ஆகவில்லை. ஆசை தீர உருட்டட்டும், அப்புறம் கேட்போம் என்கிற பொறுமை ஒருவருக்கும் இல்லை. கிடைக்கவில்லை என்றதும் மூன்று பேரும் அதைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறார்கள். அதைப் பற்றி ஆந்தைத் தாத்தா மூச்சு விடவில்லை. எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஒரு பிள்ளையை இப்படி ஒதுக்கினால், நாங்கள் அந்த மூன்று பேரைத்தான் அதட்டுவோம்.

பாட்டுக்கு அப்புறம் என்ன ஆனது என்பதையும் காட்ட மாட்டார்கள். சாயங்காலம் பந்து யார் வீட்டுக்குப் போனது? யானைக்குட்டி ஏறி மிதித்ததில் காற்று இறங்கியதா? நிஜத்தில் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கொடுத்த பொருள் உடையும், மூடி காணாமல் போகும், பேட்டரி தீர்ந்து வரும், சில சமயம் வரவே வராது. கரடியின் பந்து மட்டும் எத்தனை பேர் உதைத்தாலும் கடையில் வாங்கின மாதிரியே பளபளக்கிறது. அப்படி ஒரு பந்து இருந்தால் நானும்தான் ஊருக்கே கொடுப்பேன்.

பிஸ்கட், பந்து, ராத்திரி கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை, மூன்றும் இவர்களுக்கு ஒன்றுதான். பிஸ்கட்டைப் பிட்டுக் கொடுத்தால் பாதி போனது போனதுதான். பந்து என்றால் சேர்ந்து விளையாடலாம். அந்தப் பொம்மையைப் பிட்டுக் கொடுக்கவும் முடியாது, ஒரு ராத்திரிக்குக் கடன் கொடுக்கவும் முடியாது. இந்த வித்தியாசம் என் மகளுக்கு நன்றாகத் தெரிகிறது. பிஸ்கட்டைக் கேட்காமலே நீட்டுவாள், பொம்மையைத் தொட்டால் கடிப்பாள். கதை எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

இது என் வயிற்றெரிச்சல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கனடாவின் டொரான்டோவில் நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு, பகிர்ந்துகொள்வது பற்றிய படக்கதையைப் படித்துக் காட்டினார்கள். சிலருக்குக் கதையில் மனிதர்கள், சிலருக்குச் சட்டை போட்டுக்கொண்டு பேசும் மிருகங்கள். அப்புறம் தங்கள் ஸ்டிக்கர்களில் எத்தனையைக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், மனிதர் கதையைக் கேட்டவர்கள் முன்பைவிட அதிகம் கொடுத்தார்கள், மிருகக் கதையைக் கேட்டவர்களிடம் அந்தப் பலன் இல்லை. 2017-இல் வெளியான ஆய்வு இது. அதற்கும் முன்னால் 2008-இல் அமெரிக்காவில் இன்னொன்று. மூன்று கால் நாய் ஒன்று வரும் கார்ட்டூனைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். வித்தியாசமாக இருப்பவர்களை ஒதுக்கக் கூடாது என்பது அதன் பாடம். பல பிள்ளைகள் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். என் மகளும் அப்படியே. முயல் பந்து கேட்டால் கரடி கொடுத்தே ஆக வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

பகிர வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கிறது? பள்ளியில் கேட்டால் முதல் ஆளாகக் கை தூக்கிச் சொல்வாள். 2013-இல் வந்த ஓர் ஆய்வில், மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை எல்லோருமே ஸ்டிக்கரைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். கையில் கொடுத்தபோது சின்னவர்கள் தங்களுக்கு அதிகம் வைத்துக்கொண்டார்கள், ஏழெட்டு வயதுக்காரர்கள் மட்டும் சொன்னபடி செய்தார்கள். அதிலும் வேடிக்கை, நீ எவ்வளவு கொடுப்பாய் என்று முன்கூட்டியே கேட்டபோது, எனக்குத்தான் அதிகம் வைத்துக்கொள்வேன் என்று சின்னவர்கள் மறைக்காமல் சொல்லியும்விட்டார்கள். ஆக, தெரிந்த விஷயத்தைத்தான் இந்த ஆந்தை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பிள்ளைகளிடம் எடுபடாத பாடம் பெரியவர்களிடம் பிரமாதமாக எடுபடுகிறது, அதுதான் எனக்கு ஆத்திரம். என் அம்மா டிவியைக் காட்டி, "பாத்தியா, கரடியே குடுத்துடுச்சு. அண்ணன் சாயங்காலம் ஊருக்குப் போயிடுவான், குடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவ?" என்று ஆரம்பிப்பாள். வந்தவர்கள் முன்னால் நம் பிள்ளை மாட்டேன் என்றால் நமக்கு மானம் போகிறது, அதனால் அதன் கையிலிருந்து பிடுங்கிக் கொடுக்கிறோம். பெரிய கை சின்னக் கையிலிருந்து பிடுங்கலாம் என்பதைத் தவிர அது இதில் என்னத்தைக் கற்றுக்கொள்ளும்? இதே கூடத்தில், மஞ்சக்குப்பம் வரை போய்வர வண்டிச் சாவியைத் தம்பி கேட்டால், பெட்ரோல் கம்மியா இருக்கு என்பார் என் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டில் மிக்ஸி கேட்டால், அது சரியா ஓடலைம்மா என்பாள் இதே அம்மா. அவர்களுக்கு எந்த ஆந்தையும் வருவதில்லை.

இப்போதெல்லாம் அக்கா வருகிறாள் என்றால், எதெதைக் கொடுக்க மனசில்லை என்று காலையிலேயே மகளைக் கேட்டு, அதையெல்லாம் பீரோ மேல் ஏற்றிவிடுகிறேன். மிச்சத்தைக் கூடத்தில் கொட்டிவிட்டால் பாதிச் சண்டை குறைகிறது. இது சுயநலத்தை வளர்க்கிற வேலை என்பது அம்மாவின் கட்சி. அவளுடைய வெற்றிலைப் பெட்டியைத் துடைக்க எடுத்து இடம் மாற்றி வைத்ததற்கு அரை நாள் பேசாமல் இருந்தவள்!

பிள்ளைகளைத் தனியாக விட்டுப் பார்த்தால் வேறு கதை. தெரு கிரிக்கெட்டில் பேட் யாருடையதோ அவனுக்குத்தான் முதல் பேட்டிங். அவுட்டானதும் பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவானோ என்ற பயத்தில் முதல் பந்து ட்ரையல் பால் ஆகிவிடும். கார்ட்டூனில் இவன் வில்லன். தெருவில் இவனுக்குக் கொஞ்சம் சலுகை, மற்றவர்களுக்கு ஆட்டம், இருட்டும்வரை விளையாட்டு. முத்தியால்பேட்டையில் அக்கா வீட்டுப் பக்கம் ஒரு ஊஞ்சலுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் நிற்கும். இருபது எண்ணி முடித்ததும் இறங்க வேண்டும் என்பது அவர்களே போட்ட சட்டம். நிற்கிறவர்கள் மூச்சு விடாமல் கடகடவென்று எண்ணுவார்கள், ஆடுகிற பெண் மேலேயிருந்தே "மெதுவா எண்ணுடா" என்று கத்துவாள். கள்ளக் கணக்கு என்று தகராறு வரும், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். ஆனால் இருபது வந்ததும் இறங்கிவிடுகிறாள், ஏனென்றால் வரிசையின் கடைசிக்குப் போனால் தன் முறை மறுபடி வரும் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் காலத்தில் ஒரு கமர்கட்டை இரண்டு பேர் தின்ன, சட்டை நுனியில் சுற்றிக் காக்காக் கடி கடிப்போம். எச்சில் படக்கூடாது, பாதியும் போக வேண்டும், இரண்டுக்கும் சட்டையிலேயே வழி இருந்தது. சட்டை பிசுபிசுத்ததற்கு வாங்கிய அடி தனிக் கணக்கு.

தேவனாம்பட்டினத்தில் படகு கரைக்கு வந்து மீன் விலை போனதும் பாருங்கள். டீசல், ஐஸ் செலவைக் கழித்து, படகுக்கு உள்ள பங்கு போக, மிச்சம் கூடப் போனவர்களுக்குப் பிரியும். யாரும் கையைக் கோத்துக்கொண்டு பாடுவதில்லை. கணக்குக் கேட்பார்கள், குரல் உயரும், பிரித்து முடித்துவிட்டு மறுநாள் அதே படகில் ஏறுவார்கள். 2011-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகள் இருவர் இருவராகக் கயிற்றை இழுத்தார்கள். சேர்ந்து இழுத்தால்தான் பலகை நகர்ந்து பரிசு கைக்கு வரும். ஆனால் ஒருவர் பக்கம் மூன்றும் இன்னொருவர் பக்கம் ஒன்றும் விழுகிற மாதிரி செய்து வைத்திருந்தார்கள். சேர்ந்து இழுத்து வந்த பரிசு என்றால், மூன்று கிடைத்த பிள்ளை பல நேரம் ஒன்றை எடுத்து மற்றதிடம் கொடுத்துவிட்டது. இழுக்காமல் சும்மா கிடைத்தபோது அப்படிக் கொடுப்பது குறைவு. மூன்று வயது! என் மகளைவிடச் சின்னது. ஒரு கயிறு போதுமாக இருந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், கரடி "இப்ப தர மாட்டேன், நான் இன்னும் ஆடி முடிக்கல" என்று சொல்லட்டும். முயலுக்குக் கோபம் வரட்டும், வந்தாலும் பிடுங்காமல் உட்காரட்டும், பார்க்கிற நமக்கே சலிக்கிற அளவுக்குக் காத்திருக்கட்டும். அப்புறம் பந்து கைமாறட்டும், கொஞ்சம் அழுக்காகித் திரும்பி வரட்டும், கரடி அதற்காக ஒரு சத்தம் போடட்டும், முயல் துடைத்துக் கொடுக்கட்டும். பாட்டு வேண்டவே வேண்டாம். இதை எடுக்கத் தைரியமில்லை என்றால் பேசாமல் பல் தேய்க்கவே சொல்லிக்கொடுக்கட்டும். அதைக் கரடி நன்றாகத்தான் செய்கிறது.