சிறைப்பட்டவர் பட்டியலில் இல்லாத பிள்ளைகள்

பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் பக்கத்து விசைப்படகு ஒன்றை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றால், விடிவதற்குள் படகு எண்ணும் போனவர்களின் பெயர்களும் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. மன்னார் நீதிமன்றம் காவலை எந்தத் தேதிவரை நீட்டித்தது என்பது நாளிதழில் வருகிறது. அந்த வீடுகளில் எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பதை எவரும் குறித்துவைப்பதில்லை.

1998இல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா முதலிய அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, 9,500க்கும் மேற்பட்டோரிடம் அவர்களுடைய சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டறிந்தது. கேட்கப்பட்ட ஏழு வகைத் துன்பங்களுக்குள் வீட்டில் ஒருவர் சிறை சென்றிருப்பதும் அடங்கும். அந்த வகைகள் கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் இதயநோயும் கூடியிருந்தன. வறுமை அந்த ஏழில் இல்லை. நம் கரையிலோ இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வாங்கிய கடன் அடையும் முன்பே தகப்பன் சிறைப்பட்டால், அந்த வீட்டுக்கு முதலில் வருபவர் குழுக் கடன் வசூலிப்பவர்தான். “அம்மா இல்லைன்னு சொல்லு” என்று கதவுக்குப் பின்னால் நின்று தாய் சொல்லிக்கொடுக்க, அதைப் பிசகாமல் ஒப்பித்த ஒரு சிறுவனைப் பார்த்திருக்கிறேன். வசூல்காரரின் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அவன் கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அச்சம் வந்து விலகினால் உடல் தேறிக்கொள்ளும். அதுவே மாதக்கணக்கில் நீடித்து, அணைத்துக்கொள்ள ஆளும் இல்லாமற்போனால், நெருக்கடியில் உடல் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் ஒழுங்கு குலைந்து, நினைவையும் கவனத்தையும் தாங்கும் மூளைப் பகுதிகளின் வளர்ச்சியைப் பாதிக்கிறது. வாய்ப்பாடு மனத்தில் நிற்காத, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடும் அத்தகைய பிள்ளையை, “படிப்பு ஏறாது, கடலுக்குத்தான் லாயக்கு” என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். இது கொடுமை.

தாய் எரிந்து விழுகிறாள் என்று குறை சொல்வோரும் உண்டு. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்து நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், அறுவடைக்குப் பின்னர் கையில் பணம் இருந்தபோது சிந்தனைத் திறன் சோதனையில் நன்றாகச் செய்த அதே மனிதர்கள், அறுவடைக்கு முந்தைய பண நெருக்கடியில் தடுமாறியது தெரிந்தது. கடன் தவணை நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கும் தாயிடம் பொறுமையை மட்டும் எப்படி எதிர்பார்ப்பது?

2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பசியைத் தணிக்கிறது. அதை மனமாரப் பாராட்டுகிறேன். அச்சத்துக்கு வேண்டியது, நாள் தவறாமல் உடன் நிற்கும் ஒரு பெரியவர். அவர் ஆசிரியராகவும் இருக்கலாம், அப்பத்தாவாகவும் இருக்கலாம். சிறைப்பட்டவர் குடும்பத்துக்கு உதவித்தொகை வழங்க மீன்வளத்துறை எடுக்கும் பட்டியலில் பிள்ளைகளின் பெயரையும் பள்ளியையும் சேர்க்க வேண்டும். அந்த வாரமே வகுப்பாசிரியருக்குத் தகவல் போக வேண்டும். பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவர் அந்தப் பிள்ளைகளை அவர்களுடைய பள்ளியிலேயே தொடர்ந்து சந்திக்க வேண்டும். அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்தில் படகை மீட்கும் கோரிக்கையோடு இதையும் எழுதிக் கொடுங்கள் என்று சங்கத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.